பழைய ராணுவ உடுப்புகளைச் சேகரித்தல்

கொச்சிக் கோட்டைப் பகுதியில், வெளி என்னும் இடத்திலே, 'தோபிகானா' என்று வழங்கும் சலவைக்கூடம் ஒன்று உண்டு. எர்ணாகுளத்திலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் தமிழர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துவைக்கும் கற்களும், அரிசிக் கஞ்சித் தொட்டிகளும், கரி இட்ட இஸ்திரிப் பெட்டிகளுமாக அங்கே இன்றும் தொழில் நடைபெறுகிறது. முறுக்கிய இரட்டைப் புரிக் கயிற்றின் இடுக்கிலே துணியின் முனையைச் செருகி உலர்த்துகிறார்கள். காற்று எவ்வளவு வீசினும் துணி பறப்பதில்லை. இப்போதுள்ள கட்டடம் 1976-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தொழிலோ அதனினும் மிகப் பழையது. ஒல்லாந்தர் என்னும் டச்சுக்காரர்கள் கொச்சியை ஆண்ட காலத்தில், அவர்களுடைய படைவீரரின் உடுப்புகளை வெளுப்பதற்கென்று தமிழ்நாட்டிலிருந்து தம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்பது அங்குள்ள வண்ணார் சமூகத்தினர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக அவர்கள் வாழ்ந்து வருகின்றனர்.

இவ்வாறு தமிழர் கை பட்டு வெளுத்த அந்த உடுப்புகள் இன்று எங்கே? இந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

கொச்சியில் மூன்று ஐரோப்பிய வல்லரசுகளின் படைகள் தங்கியிருந்தன. போர்த்துகீசியர் 1503-இல் கோட்டை கட்டினர். 1663-இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்களே 1806-இல் கோட்டை மதிலைப் பெரும்பாலும் தகர்த்தும் விட்டனர். எஞ்சியிருப்பவை யாவை? பிரான்சிஸ் தேவாலயத்தின் சுவரில் பதித்த கல்லறைப் பலகைகள் இருக்கின்றன. 1724-இல் ஏற்பட்ட ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் 104 சமாதிகள் இருக்கின்றன. கடற்கரையிலே பழைய பீரங்கிகள் துருவேறிக் கிடக்கின்றன. அதாவது, கல் இருக்கிறது, இரும்பு இருக்கிறது. அந்தப் பீரங்கிக்குப் பின்னே நின்ற மனிதனின் தோளை மூடியிருந்த சட்டையைக் காண வேண்டுமென்றால் அங்கே எங்கும் காண இயலாது.

இதில் வியப்பில்லை. துணியைப் போல விரைவில் அழியும் பொருள் வேறில்லை. வாளுக்கும் துப்பாக்கிக்கும் விலை உண்டு. ஆகவே எவரேனும் ஒருவர் எடுத்து வைப்பார். கிழிந்த சட்டையை யார் எடுத்து வைப்பார்? அது தரை துடைக்கவும் திரி திரிக்கவும் பயன்பட்டு மறைந்து போகிறது. மிச்சம் இருப்பதை ஆனி, ஆடி மாதங்களின் ஈரமும் பூச்சியும் பார்த்துக்கொள்கின்றன.

ஓர் உடுப்பு போனால் என்ன என்று சிலர் கேட்கலாம். உடுப்பு என்பது வெறும் துணியன்று. ஓர் அரசு தன் வீரனுக்கு இட்ட கட்டளை அதிலே தைக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுச் சரித்திரத்திலேயே இதற்குக் கடுமையான சான்று இருக்கிறது. கொச்சிக் கோட்டையை இடித்த அதே 1806-ஆம் ஆண்டில்தான் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். சென்னை ராணுவத்தில் புதிய மாதிரித் தலைப்பாகை ஒன்று புகுத்தப்பட்டது. அது ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தது. அதன் சூட்டு தோலாற் செய்யப்பட்டது. அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது என்றும் ஆணை பிறந்தது. அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தவர்களில், இந்து ஒருவருக்கும் முஸ்லிம் ஒருவருக்கும் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி விதித்து வேலையிலிருந்து நீக்கினர். ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூரில் துப்பாக்கிகள் வெடித்தன. ஐரோப்பியர் இருநூறு பேர் அளவில் இறந்தும் காயமுற்றும் விழுந்தனர். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி தலைமையில் விரைந்து வந்த குதிரைப்படை கோட்டையை மீட்டபோது சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பிறகு அந்தத் தலைப்பாகை ஆணை கைவிடப்பட்டது. ஆளுநர் பென்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

கிளர்ச்சிக்குத் திப்புவின் மக்கள் அங்கே சிறையிருந்தது போன்ற வேறு காரணங்களும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு தலைப்பாகையின் வடிவமும் அதன் சூட்டின் பொருளும் இத்தனை உயிர்களோடு தொடர்புடையவையாயின. எழுத்து ஆவணம் 'புதிய மாதிரி' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடும். அது கையில் எடுத்தால் எவ்வளவு கனக்கும், நெற்றியில் எங்கே அழுத்தும், தூரத்திலிருந்து பார்த்தால் எதைப் போல் தோன்றும் என்பவற்றைப் பொருளே சொல்ல வேண்டும்.

இப்படிப் பொருளையே சாட்சியாகப் பாதுகாத்த நாடுகளில் சுவீடன் முன்னிற்கிறது. அந்நாட்டுக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு: 1733-இல் சுவீடன் நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பரங்கிப்பேட்டையில் பண்டகசாலை அமைத்தனர், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து விரைவிலேயே அதைச் சூறையாடினர். அது போகட்டும். அந்நாட்டு மன்னர் குஸ்தாவ் அடால்ப் 1627-இல் போலந்துப் போரிலே இருமுறை காயமுற்றார். தாம் அப்போது அணிந்திருந்த உடைகளை என்றென்றும் நினைவாக வைத்திருக்க வேண்டுமென்று 1628-இல் ஆணையிட்டார். ஸ்டாக்ஹோம் நகரத்து அரசர் படைக்கலச்சாலை அந்த ஆணையிலிருந்தே பிறந்தது. 1632-இல் லூட்சன் போரில் அவர் மாண்டபோது அணிந்திருந்த மான்தோற் சட்டையைப் பகைவர் வெற்றிச் சின்னமாக வியன்னாவுக்குக் கொண்டுபோயினர். முதல் உலகப்போரின் பின் சுவீடன் செய்த செஞ்சிலுவை உதவிக்கு நன்றியாக, ஆஸ்திரியா அதை 1920-இல் திருப்பித் தந்தது. ஒரு சட்டை ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து வீடு திரும்பியது.

அதே காட்சிசாலையில் பன்னிரண்டாம் சார்லஸ் மன்னரின் நீல நிறப் போர்ச்சட்டையும் இருக்கிறது. 1718 நவம்பர் 30-ஆம் நாள் நார்வே நாட்டு ஃபிரெட்ரிக்ஸ்டென் கோட்டை முற்றுகையில், பதுங்குகுழியிலே தலையில் குண்டு பாய்ந்து அவர் இறந்தார். எதிரியின் குண்டா, தம் படையினன் ஒருவனின் சதியா என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. மன்னரின் சட்டைப் பொத்தானையே குண்டாக்கிச் சுட்டார்கள் என்று ஒரு கதை உண்டு; அத்தகைய பித்தளைப் பொத்தான் ஒன்று 1924-இல் கிடைத்தும் இருக்கிறது. 2022-இல் பின்லாந்து நாட்டு ஔலு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இந்த வழக்கை மீண்டும் ஆராய்ந்தபோது, மன்னர் அணிந்திருந்த தொப்பியிலுள்ள துளையின் அளவு அவர்களுக்குத் துணைசெய்தது. பொத்தான் கதை பொருந்தாது என்று முடிவு கூறினர். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தொப்பி சாட்சி சொல்ல முடிந்ததற்குக் காரணம் எளியது. அந்தத் தொப்பியை எவரும் தைத்துச் சீர்செய்யவில்லை. சட்டையையும் கையுறையையும் எவரும் வெளுக்கவில்லை. சேறும் குருதிக் கறையும் அப்படியே விடப்பட்டன.

மன்னர் உடையைக் காப்பது எளிது, சாதாரண வீரனின் உடைக்கு என்ன வழி என்று கேட்கலாம். அங்கே பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஒரு புதுமையான ஏற்பாடு இருந்தது. சில பண்ணை வீடுகள் ஒரு தொகுதியாகச் சேர்ந்து ஒரு வீரனை அரசுக்குத் தர வேண்டும். அவனுக்குக் குடிலும் சிறிது நிலமும் தர வேண்டும். அவனுடைய உடுப்பும் கருவிகளும் அத்தொகுதிக்குரிய மரப்பெட்டியிலே பூட்டப்பட்டிருக்கும். ஆகவே ராணுவ உடுப்பு கிராமத்தின் பொறுப்பாயிற்று. மேலும், ஒவ்வோர் உடுப்பு மாதிரிக்கும் அது ஏற்பட்ட ஆண்டையே பெயராக வைப்பது அந்நாட்டு வழக்கம்: 1779-ஆம் ஆண்டு மாதிரி, 1906-ஆம் ஆண்டு மாதிரி, 1939-ஆம் ஆண்டு மாதிரி என்று. அரசுடைமையைக் குறிக்கும் மூன்று மகுட முத்திரையும் துணியில் குத்தப்பட்டிருக்கும். இன்று உலகெங்கும் சுவீடன் உடுப்புகளைச் சேகரிப்போர் பலர் இருப்பதற்கு இந்தத் தெளிவு ஒரு காரணம் எனலாம். சேகரிப்பவன் ஊகிக்க வேண்டுவது குறைவு.

நம் நாட்டில் ஊகிக்க வேண்டுவதே மிகுதி. மட்டாஞ்சேரி அரண்மனைக் காட்சிசாலையில் கொச்சி மன்னர்களின் உடைகளையும் பல்லக்குகளையும் படைக்கலங்களையும் காணலாம். திருப்பூணித்துறை மலை அரண்மனையிலும் வாளும் ஈட்டியும் உண்டு. விடுமுறைக்குச் சென்னை செல்லும் நேயர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக் காட்சிசாலையை ஒருமுறை பார்த்து வருக. 1948 ஜனவரி 31-இல் திறக்கப்பட்ட அவ்விடத்தில் ராணுவ உடுப்புகளும் பதக்கங்களும் கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன. ஆனால் இவை பெரும்பாலும் அரசரும் அதிகாரிகளும் விழாக்களில் அணிந்தவை. பொன்னிழையும் பட்டும் இருப்பதால் எஞ்சியவை. காக்கிச் சட்டை அணிந்து சென்ற சாதாரணச் சிப்பாய், நாயிக், ஹவில்தார் ஆகியோரின் உடுப்பு காட்சிசாலைக்கு வருவது அரிது. அது வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அல்லது எங்கும் இல்லை.

பெட்டியில் இருந்ததை இழந்த ஒரு நிகழ்ச்சியை நாம் அறிவோம். மட்டாஞ்சேரியில் வசிக்கும் தமிழ் நண்பர் ஒருவரின் பாட்டனார் இரண்டாம் உலகப்போரில் பர்மா முனைக்குச் சென்று திரும்பியவர். அவர் காலமாகிப் பல்லாண்டு கழித்து, வீடு மாற்றும்போது தகரப் பெட்டி ஒன்று திறக்கப்பட்டது. உள்ளே கம்பளிச் சட்டை ஒன்று. கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் மையினால் எழுதிய எண் மங்கலாகத் தெரிந்தது. தூசியும் நாற்றமுமாக இருக்கிறதே, வெளுத்து வைத்தால் நன்றாயிருக்கும் என்று அங்கிருந்தோர் கூறினர், நாமும் ஆமோதித்தோம். ஒரு வாரத்தில் சட்டை தூய்மையாக வந்தது, ஒரு சாண் சுருங்கி. எண்ணைக் காணோம். அது அவருடைய படைவீரர் எண். பழைய பதிவேடுகளில் தேடுவதற்கு அதுவே திறவுகோல். ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் ஒன்றாகவே இருக்கும் பலருக்கிடையே, எண் இன்றி ஒரு சுப்பையாவையோ முனியாண்டியையோ எப்படிக் கண்டுபிடிப்பது? நண்பர் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டுப் பதிவு அலுவலகத்துக்கு எழுத எண்ணியிருந்தார். எண் இல்லாத விண்ணப்பத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டதாகப் பின்னர் சொன்னார்.

அன்று நாம் அறியாதிருந்தவற்றை இப்போது கூறுகிறோம். பழைய உடுப்பு கையில் கிடைத்தால் முதலில் அதைப் படிக்க வேண்டும். பொத்தானிலிருந்து தொடங்கலாம். பொத்தானிலோ சின்னத்திலோ மகுடம் இருந்தால் அது 1950 ஜனவரி 26-க்கு முற்பட்ட மாதிரி. அசோகச் சிங்கம் இருந்தால் பிற்பட்டது. மகுடத்திலும் வேற்றுமை உண்டு: 1901-க்குப் பின் அரசர் காலத்தில் வழங்கிய மகுடத்தின் வளைவுகள் மேலெழுந்து குவிந்திருக்கும், விக்டோரியா அரசியார் காலத்து வடிவம் வேறு. பொத்தானின் பின்புறத்தில் செய்தவர் பெயரும் ஊரும் பொறித்திருக்கக் கூடும். தோளில் உள்ள பித்தளை எழுத்துகள் படைப்பிரிவைச் சொல்லும். சின்னத்தில் யானை இருந்தால் மதராஸ் ரெஜிமெண்டை நினைக்கலாம். 1803-இல் அசேயில் நடந்த போரின் நினைவாகப் பெற்ற யானை அது. உள்துணியில் அகன்ற அம்புக்குறி முத்திரை இருந்தால் அரசுப் பண்டகசாலையிலிருந்து வந்தது என்று பொருள்.

நிறமும் பேசும். பழைய கம்பெனிப் படைகளின் சிவப்பிலே இரு தரம் உண்டு. அதிகாரிகளின் துணிக்கு இந்திரகோபத்தை ஒத்த கோச்சினீல் பூச்சியின் விலையுயர்ந்த சாயம். சாதாரண வீரர் துணிக்கு மஞ்சிட்டி இனத்து வேர்ச் சாயம். காக்கி என்னும் சொல் பாரசீகத்தில் புழுதியைக் குறிக்கும் 'காக்' என்பதிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெஷாவர்ப் பக்கத்துப் படையொன்றில் அது தொடங்கியது என்பர். மங்களூர்ப் பாஸல் மிஷன் நெசவாலையில் ஹாலர் என்பவரே அச்சாயத்தைக் கண்டார் என்பது மேற்குக் கரையோரின் பெருமை. மங்களூரிலும் கண்ணனூரிலும் அந்த மிஷன் ஆலைகள் காக்கித் துணி நெய்ததில் ஐயமில்லை. விடுதலைக்குப் பின் இந்திய ராணுவம் ஆலிவ் பச்சைக்கு மாறியது. பாகிஸ்தான் காக்கியை வைத்துக்கொண்டது. ஆகையால் ஒரே குடும்பத்தில் தந்தையின் சட்டை காக்கியாகவும் மகனின் சட்டை பச்சையாகவும் இருக்கக் காணலாம்.

கேரளத்தில் வாழும் நம்மவர் கையில் சமஸ்தானப் படை உடுப்புகளும் கிடைக்கக் கூடும். திருவிதாங்கூரும் கொச்சியும் தனித்தனியே படை வைத்திருந்தன. 1741-இல் குளச்சலில் ஒல்லாந்தர் தோற்றபோது சிறைப்பட்ட டிலனாய், பின்னர் மார்த்தாண்டவர்மரின் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டையில் உள்ளது. இரு சமஸ்தானங்களும் 1949 ஜூலை முதல் நாள் ஒன்றாயின; பின்னர் அவற்றின் படைகள் இந்திய ராணுவத்தில் கலந்தன. பழைய திருவிதாங்கூர்ப் படையொன்றே இன்று மதராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாம் பட்டாலியனாக விளங்குகிறது. சங்குச் சின்னம் பொறித்த பொத்தான் கண்ணில் பட்டால் எறிந்துவிட வேண்டா.

இனிப் பாதுகாப்பு. துணிக்கு ஏற்ற காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதை ஒட்டியது. அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டால் பூஞ்சணம் தலையெடுக்கும். இடவப்பாதி மழையிலே கொச்சியின் காற்று எண்பத்தைந்தையும் எளிதில் கடந்து நிற்கும். ஆகையால் இங்கே சேகரிப்பு என்பது பாதியளவு ஈரத்தோடு போராடுவதே. தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் பெட்டியை வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் உறையில் கட்டி வைப்பது பலர் செய்யும் தவறு. உள்ளே சிறைப்பட்ட ஈரம் வியர்த்துப் பூஞ்சணமாகும். கஞ்சியில்லாமல் பலமுறை துவைத்து உலர்த்திய வெள்ளைக் காடாத் துணியே சிறந்த உறை. செய்தித்தாளில் சுற்றினால் அதன் அமிலம் துணியை மஞ்சளாக்கும்.

கம்பளிச் சட்டையை ஆணியிலோ கம்பியிலோ தொங்கவிட்டால் அதன் சொந்தக் கனமே தோள் தையலைப் பிரிக்கும். பெட்டியில் படுக்கையாக வைத்து, கைமடிப்பிலும் இடுப்பு மடிப்பிலும் துணியைச் சுருட்டி உள்ளே கொடுக்க வேண்டும். அழுத்தமான மடிப்பே பின்னாளில் கிழிசலாகிறது. பித்தளைப் பொத்தான் களிம்பேறித் துணியில் பச்சைக் கறை படுத்தும். பொத்தானுக்கும் துணிக்கும் இடையே சிறு காகிதத் துண்டு வைத்தால் போதும். பொத்தானைப் பளபளக்கத் தேய்க்கும் ஆசையை அடக்குதல் வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் சின்னத்தின் கோடுகள் மழுங்குகின்றன. மெருகு மருந்தின் வெள்ளைப் பொடியோ துணியை விட்டுப் போவதே இல்லை.

கம்பளிக்குப் பகை அந்துப்பூச்சியின் புழு. பருத்திக்கும் கஞ்சிக்கும் பகை இராமபாணப் பூச்சி. அந்துருண்டை துணியில் நேராகப் படக் கூடாது. அதன் ஆவி வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் நல்லதன்று. பூச்சி பிடித்த உடுப்பைக் காற்றுப் புகாத உறையிலிட்டு, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் அழியும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை தகும். வெளியே எடுத்தபின் ஒருநாள் கழித்தே உறையைப் பிரிக்க வேண்டும். தோற்பாகம் சேர்ந்த உடுப்புக்கு இம்முறை வேண்டா.

வெளுத்தல் கூடாது என்பதை மீண்டும் சொல்கிறோம். தோபிகானாவின் கைகள் அந்நாளில் உடுப்புகளை உயிரோடு வைத்திருந்தன. நாளையும் அணிய வேண்டிய துணிக்கு வெளுப்பே ஆயுள். இனி எவரும் அணியப் போவதில்லை என்றான பிறகு, அழுக்கும் வியர்வைக் கறையும் ஒட்டுப்போட்ட முழங்கையும் அந்த உடுப்பின் எழுத்துகளாகின்றன. மெல்லிய மயிர்த் தூரிகையால் தூசியை மட்டும் அகற்றினால் போதுமானது.

வீட்டில் இல்லாதவர் விலை கொடுத்து வாங்க விரும்பலாம். மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருட் கடைகளில் தொப்பியும் பதக்கமும் பொத்தானும் அவ்வப்போது தென்படும். எல்லாக் கடைக்காரரையும் நாம் குறை கூற வரவில்லை; ஆனால் தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழமையாக்கிய துணியும், புதிதாக வார்த்துக் களிம்பேற்றிய சின்னமும் எந்த ஊர்ச் சந்தையிலும் உண்டு. தையலைப் பாருங்கள். நூறாண்டுச் சட்டையில் மினுங்கும் செயற்கை நூல் இருக்க வழியில்லை. கழுத்துப் பட்டியும் மணிக்கட்டும் தேய்ந்திராமல் உடல் மட்டும் வெளிறியிருந்தால் ஐயுறுக. நூறாண்டு கடந்த பொருளுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் பொருந்தும்: உரிமம் இன்றி வாணிகம் செய்தலும், நாட்டுக்கு வெளியே தனியார் அனுப்புதலும் குற்றம். இன்றைய ராணுவத்தின் உடுப்பைப் படைவீரன் போல் தோன்றும்படி பிறர் அணிவதும் குற்றமே. 2022-இல் அறிமுகமான புதிய போர்முனை உடுப்பின் மாதிரியை ராணுவம் தன் உரிமையாகப் பதிவு செய்திருக்கிறது; அதைச் சேகரிப்புப் பொருளாக எண்ண வேண்டா.

வாங்கிச் சேர்ப்பதைக் காட்டிலும், உயிரோடிருக்கும் முதியவரிடம் கேட்டுச் சேர்ப்பதையே நாம் மேலாகக் கருதுகிறோம். கடையில் வாங்கிய சட்டைக்கு மாதிரியும் ஆண்டும் உண்டு, ஆள் இல்லை. மாமாவிடமோ சித்தப்பாவிடமோ பெற்ற சட்டைக்கு ஆள் உண்டு. அவர் எந்த ஊரில் படையில் சேர்ந்தார், எந்த ரயிலில் எங்கே போனார், முழங்கையில் ஒட்டுப் போட்டது யார், இந்தப் பொத்தான் மட்டும் ஏன் வேறாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். தாளைச் சட்டையில் குண்டூசியால் குத்த வேண்டா, துருக்கறை படும். காடாத் துணியில் ஒரு சிறு பை தைத்து, மென்கரிப் பென்சிலால் எழுதிய தாளை அதிலிட்டுப் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் கட்டி வையுங்கள். படைவீரர் எண்ணை மட்டும் வேறொரு தாளிலும் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.